ஸ்வெட்டர் கொடுத்து நடைவண்டி வாங்குவது எப்படி

தம்பி மகளுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. முறைக்கு எனக்கு மருமகள், அத்தை வெறுங்கையை வீசிக்கொண்டு போக முடியாது. எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே கைவேலை பின்னல். குன்னூரில் இருப்பதால் வருடம் பூராவும் அதற்கு வேலை இருக்கிறது. ஆனால் தம்பி குடும்பம் இருப்பது மதுரையில். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே நாலு ஸ்வெட்டர் பின்னி அனுப்பி, நாலும் பீரோவில் மடித்தது மடித்தபடி கிடக்கின்றன. "அண்ணி, அஞ்சாவதும் போட்டா பாப்பாவுக்கு வேர்க்குருதான் மிச்சம்" என்று தம்பி மனைவி போனிலேயே சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

கடையில் பிளாஸ்டிக்கில் ஒரு வண்டி பார்த்தேன், பொத்தானை அமுக்கினால் பாடுகிறது, அமுக்காவிட்டாலும் பாடுகிறது. எங்கள் வீட்டில் நாங்கள் நடந்து பழகியதெல்லாம் மூன்று சக்கர மர நடைவண்டியில். அதையே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. எங்கள் தெருவுக்குக் கீழே மரப்பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். இந்த மலையில் பள்ளிக்கூடம் என்றால் சீருடையோடு ஸ்வெட்டரும் சேர்த்திதான். அப்புறம் என்ன, மதுரைக்கு வேண்டாத என் பின்னல் பட்டறை வீட்டுக்கு வேண்டும், அவர் கைவேலை மதுரைக்கு வேண்டும். மாற்றிக்கொண்டோம். எப்படி மாற்றினோம், அதற்கு முந்தைய வருடம் இதே மாதிரி ஒன்றைச் செய்யப்போய் எங்கே சொதப்பினேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், பின்னத் தெரிந்த வேறு யாருக்காவது உதவும்.

முதலில் ஒரு வார்த்தை விஷயம். கேட்கப் போகும்போது "பண்டமாற்று" என்று சொல்லாதீர்கள், சமூக அறிவியல் பாடம் மாதிரி இருக்கும், எதிரில் இருப்பவர் சிரிப்பார். "கைமாத்து" என்று தப்பித்தவறிக்கூட வாயில் வரக் கூடாது, கடன் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து முகம் சுருங்கிவிடும். "காசுக்குப் பதிலா இது தரட்டுமா" என்றால் போதும், எல்லாருக்கும் புரியும். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழமும் பழைய பட்டுப்புடவைக்கு எவர்சில்வர் பாத்திரமும் வாங்கிய ஊர் இது, யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

யாரிடம் கேட்கலாம்

இதில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். பொம்மைக் கடையில் போய், "நான் ஒரு சால்வை பின்னித் தருகிறேன், அந்த சைக்கிளைக் கொடுங்கள்" என்று கேட்டால் நடக்காது, கடைக்காரர் மேல் தப்பும் இல்லை. அவர் அந்த சைக்கிளைக் காசு கொடுத்து எடுத்து வந்திருக்கிறார், அடுத்த சரக்குக்கும் காசுதான் கட்ட வேண்டும், மொத்த வியாபாரி உங்கள் சால்வையை வாங்கிக்கொள்ள மாட்டார். பரிசுப் பொருளில் பாதிக்கு மேல் கைவேலையாக இருக்க வேண்டும், அல்லது அந்தப் பொருள் அவர் வீட்டில் சும்மா கிடக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் பேச்சையே எடுக்காதீர்கள்.

அப்படிப் பார்த்தால் ஆள் கிடைப்பார்கள். மரவேலை செய்பவர்கள், தையல்காரர்கள் (பாவாடைத் துணியை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டால் மீதி அவர்கள் உழைப்புதான்), வீட்டில் கேக் போடுகிறவர்கள், பாட்டு அல்லது ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர்கள். அடுத்த தெருவில் பிள்ளை வளர்ந்து மூன்று சக்கர சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி பிடித்துக் கிடக்கிற வீடு இருந்தால் அது லாட்டரி. அவர்களுக்கு அதை விற்கக் கூச்சம், சும்மா கொடுக்க மனசு வராது, ஒரு நல்ல மஃப்ளர் வந்தால் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

அறிமுகமில்லாதவர்களோடு நான் மாற்றுவதில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிற ஆளாக இருக்க வேண்டும். இந்த நீலகிரி மலையின் பழைய குடிகளுக்குள் பண்டமாற்று நடந்ததும் அப்படித்தான். தோடர்கள் பாலும் நெய்யும் கொடுத்தார்கள், கோத்தர்கள் மண்பானையும் இரும்புக் கருவிகளும் செய்து தந்தார்கள், சாவு வீட்டுக்கு வாத்தியம் வாசிக்கவும் வந்தார்கள், படகர்கள் தானியம் தந்தார்கள், குறும்பர்கள் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். இன்ன வீட்டுக்கு இன்ன கோத்தர் வீடு என்று தலைமுறையாகத் தொடர்பு இருந்தது. இன்றைக்குக் கொஞ்சம் குறைந்தால் அடுத்த அறுவடையில் சரியாகிவிடும், ஏனென்றால் இரண்டு பேரும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. பட்டறை அண்ணனும் நானும் தினமும் ஒரே பேக்கரியில்தான் நிற்கிறோம்.

சமவெளியில் இருக்கிறவர்கள் "இங்கே யாருக்கு ஸ்வெட்டர்" என்பீர்கள். சென்னையில் மார்கழி மாதம் விடிகாலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் பெரியவர்களைப் பாருங்கள், குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் இல்லாமல் ஒருவர் இருக்க மாட்டார். காசி, பத்ரிநாத் யாத்திரை கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் எந்த ஊரிலும் கேட்பார்கள். கொஞ்சம் பருத்தி நூலில் குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், போடத் தெரிந்திருந்தால் வெயில் ஊரும் கைக்குள் வந்துவிடும்.

கணக்கு

சரி, நடைவண்டிக்கு எத்தனை ஸ்வெட்டர்? விலையை வைத்து ஒப்பிட்டால் சண்டைதான். சீசனில் ஊட்டியில் தரையில் விரித்து விற்கிற மெஷின் ஸ்வெட்டர் விலையை வைத்து என் கைப்பின்னலை மதிப்பிட்டால் எனக்கு வயிறு எரியும். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற கைவினைக் கடை விலையை வைத்தால் அவருக்கு எரியும். நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: பொருளுக்குக் காசுக் கணக்கு, வேலைக்கு மணிக் கணக்கு.

இதற்கு உங்கள் வேகம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பழைய டைரியில் எந்த உருப்படிக்கு எத்தனை கிராம், எத்தனை மணி நேரம் என்று குறித்து வையுங்கள், மூன்று நாலு உருப்படிக்குப் பிறகு ஒரு அளவு பிடிபடும். என் டைரிப்படி எட்டாம் நம்பர் ஊசியில், அதாவது 4 மி.மீ. ஊசியில், நடுத்தர கனமுள்ள நூலில், ஒரு வயதுக் குழந்தை ஸ்வெட்டருக்கு 120 கிராம், 18 மணி நேரம். குல்லா 50 கிராம், 3 மணி நேரம். ஏழு வயதுப் பையனுக்குக் கையில்லாத ஸ்வெட்டர் 160 கிராம், 20 மணி நேரம். பத்து வயதுக்கு முழுக்கை வைத்தது 300 கிராம், 35 மணி நேரம். பெரிய ஆம்பிளைக்கு முழுக்கை ஸ்வெட்டர் அரைக் கிலோவைத் தாண்டும், 60 மணி நேரம் ஆகும், அதைக் கொடுத்து எதை வாங்கினாலும் நஷ்டம், கட்டிய புருஷனுக்கு மட்டும் பின்னலாம்.

பட்டறை அண்ணன் நடைவண்டிக்கு ஒன்றரை நாள் ஆகும் என்றார், சுமார் 12 மணி நேரம். மணிக்கு மணி என்று பார்த்தால் கையில்லாத ஒரு ஸ்வெட்டர்கூடக் கொடுக்க முடியாது. ஆனால் எனக்கே மனசு ஒப்பவில்லை. அவர் பட்டறையில் மரத்தூளைச் சுவாசித்துக்கொண்டு நின்ற ஒரு மணி நேரமும், நான் சீரியல் பார்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து பின்னிய ஒரு மணி நேரமும் ஒன்றா? வில்லி செய்யும் சதியைத் திட்டிக்கொண்டே பத்து வரிசை போட்டுவிடுகிறேன். ஆகவே என் மணிக்கணக்கைப் பாதியாக்கிக்கொண்டேன். கையில்லாத ஸ்வெட்டர் 20, ஒரு குல்லா 3, மொத்தம் 23, அதில் பாதி பதினொன்றரை. அவருடைய 12-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இந்தப் பாதிக் கணக்கை எல்லாரும் ஏற்க மாட்டார்கள், பின்னல் தோழி ஒருத்தி "உன்னை நீயே மலிவாக்கிக்கிறே" என்று திட்டினாள். நுணுக்கமான கேபிள் டிசைன், கண்ணைப் பிடுங்கும் லேஸ் வேலை என்றால் நானும் முழு மணிதான் போடுவேன், அதையெல்லாம் டிவி பார்த்துக்கொண்டு செய்ய முடியாது. வெறும் நிட்டும் பர்லும், அதாவது சாதாரண நேர்ப் பின்னலும் மறுபின்னலும், என்றால் பாதி போதும்.

பொருள் செலவில் நூல் என்னுடையது, 300 ரூபாய்க்குள் முடிந்தது. மரம் அவருடையது, ஜன்னல் சட்டம் செய்து மிஞ்சிய தேக்குத் துண்டுகள். போல்ட்டும் ஆணியும் நான் வாங்கிக் கொடுத்தேன். புது மரம் வாங்க வேண்டியிருந்தால் அதற்கு ரொக்கம் கொடுத்திருப்பேன். வேலையை வேலைக்கு மாற்றலாம், ஆனால் அவர் கைக்காசு போட்டு வாங்குகிற பொருளுக்கும் சேர்த்து நூலை நீட்டக் கூடாது.

பேசுவது

கையில் பின்னி முடித்த உருப்படி இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். போனில் படம் காட்டுவதைவிட இது நல்லது, தொட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும், உட்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க விடுங்கள். நான் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"அண்ணா, தம்பி பொண்ணுக்கு ஒரு நடைவண்டி வேணும். காசா தரட்டுமா, இல்ல உங்க பசங்களுக்கு ஸ்கூல் ஸ்வெட்டர் போட்டுத் தரட்டுமா? எதுன்னாலும் எனக்குச் சரிதான்."

"வீட்ல கேட்டுச் சொல்றேங்க."

இந்த "காசா" என்பதை விட்டுவிடாதீர்கள். வாங்கிக்கொள்ளாவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று அவர் தலையாட்டிவிட்டு, வேலையை மனசில்லாமல் செய்தால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. காசு வேண்டும் என்றால் காசைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அப்புறம் இந்த "வீட்ல" என்பதும் முக்கியம். பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர் அவர் மனைவி. மறுநாள் அவரே வந்தார்.

"அக்கா, ரெண்டு பேருக்கும் முழுக்கை வெச்சுப் போட்டுத் தருவீங்களா?"

டைரியை எடுத்துக் காட்டினேன். பெரியவனுக்கு மட்டுமே 35 மணி நேரம், பிறந்தநாளுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்றேன். சின்னவனுக்குக் கையில்லாதது ஒன்று, கூடவே வேறு ஏதாவது சின்னதாக என்று வந்து நின்றோம். அவர் யோசித்து, மாமியாருக்குக் காதை மூடுகிற மாதிரி ஒரு குல்லா கேட்டார். பெரியவனுக்குப் போன வருடத்து ஸ்வெட்டரே இன்னும் போதுகிறதாம். பார்த்தீர்களா, முதலில் கேட்டதில் பாதி அவசியமே இல்லை. எண்களைக் காட்டாமல் "அவ்வளவு முடியாதுக்கா" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் கணக்குப் பார்க்கிறேன் என்று ஆகியிருக்கும்.

பேசி முடித்ததும் எழுதிக்கொள்ளுங்கள். மொய் நோட்டுப் போட்டு யார் என்ன செய்தார்கள் என்று தலைமுறைக்கும் எழுதி வைக்கிறவர்கள் நாம், ஒரு ஸ்வெட்டரைப் பற்றி நாலு வரி எழுதுவதில் வெட்கம் என்ன. நிறம், அளவு, கையுண்டா இல்லையா, தேதி, பொருள் யாருடையது, அளவு சரியில்லாவிட்டால் ஒரு தடவை பிரித்துச் சரி செய்து தருவது, அவ்வளவுதான். ஒரே தாளில் இரண்டு பக்கத்துக் கணக்கையும் எழுதி, போனில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் முடிந்தது. சட்டம்கூட இதைச் சும்மா விடவில்லை. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 118-வது பிரிவு, இரண்டு பேர் காசில்லாமல் ஒரு பொருளுக்கு இன்னொரு பொருளை மாற்றிக்கொள்வதற்கு விளக்கம் சொல்லிவைத்திருக்கிறது. குல்லாவுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அதற்கு முந்தின வருடம் அக்கா பேத்திக்குத் தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை தைக்க ஒரு தையல்காரரிடம் பேசினேன், கூலிக்குப் பதில் சால்வை. புரட்டாசியிலேயே சால்வையைக் கொடுத்துவிட்டேன், நல்ல பெயர் வாங்குகிற ஆசை. தீபாவளி நேரத்தில் காசு கொடுத்தவர்கள் துணிதானே முதலில் மெஷினில் ஏறும்? பாவாடை கார்த்திகை தீபத்துக்கு வந்தது. பிள்ளை அதற்குள் பழைய கவுனில் தீபாவளி கொண்டாடி முடித்துவிட்டது, அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். அதிலிருந்து ஒரே நாளில் கொடுத்து வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். ஸ்வெட்டருக்கு இதில் ஒரு வசதி உண்டு, முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகப் பின்னுவதால் அவற்றை இடையில் கொண்டுபோய்க் காட்டலாம், அவரும் பாதி செய்த வண்டியைக் காட்டுவார், இரண்டு பக்கமும் வேலை நகர்கிறது என்று தெரியும். பக்கங்களை இணைத்துத் தைப்பது கடைசி நாள் வேலை. அப்புறம், பிறந்தநாளே கடைசித் தேதி என்று சொல்லாதீர்கள், பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள்.

பின்னும்போது

மற்றவர் பிள்ளைக்குப் பின்னுவது நம் வீட்டுப் பிள்ளைக்குப் பின்னுவதைப் போல் இல்லை. நம் பிள்ளை என்றால் "கொஞ்சம் லூசா இருக்கு, அடுத்த வருஷம் சரியாயிடும்" என்று போட்டு அனுப்பலாம். இங்கே முடியாது.

பையனை நிற்க வைத்து அளக்காதீர்கள், நெளிவான். அவனுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய ஸ்வெட்டரைக் கேட்டு வாங்கி, தரையில் விரித்து அதை அளந்துகொள்ளுங்கள். சின்னவன் ஸ்வெட்டர் நெஞ்சுச் சுற்றளவு 66 செ.மீ. வர வேண்டும். பத்து செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) என்றால் சுற்றி 145 கண்ணி. உங்கள் கை இறுக்கமாக விழுந்து அதே பத்து செ.மீ.க்கு 24 கண்ணி வந்துவிட்டால் அந்த 145 கண்ணிக்குக் கிடைப்பது 60 செ.மீ.தான், சட்டைக்கு மேல் போட்டால் மூச்சு முட்டும். இரண்டே கண்ணி வித்தியாசம் இத்தனை வேலை காட்டும். ஆகவே சோம்பல் படாமல் ஒரு சாம்பிள் துண்டு பின்னி, அலசி, காயவைத்து, அப்புறம் எண்ணுங்கள். சாம்பிள் துண்டைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பேரம் பேசும்போது காட்ட உதவும்.

சீருடை நிறம் இன்னொரு தலைவலி. மெரூன் என்றால் ஒரு மெரூன் இல்லை, வர்த்மானில் ஒன்று, ஓஸ்வாலில் ஒன்று, ஒரே கம்பெனியிலேயே இரண்டு லாட்டில், அதாவது தனித்தனியாகச் சாயம் போட்ட இரண்டு தொகுதியில், இரண்டு. பள்ளிக்கூடத்துப் பழைய ஸ்வெட்டரைக் கடைக்கு எடுத்துப் போய், டியூப்லைட் வெளிச்சத்தில் ஒப்பிடாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்து, தேவையான அத்தனை உருண்டையையும் ஒரே லாட் நம்பரில் வாங்கிவிடுங்கள். ஒன்று குறைந்து பத்து நாள் கழித்துப் போனால் அந்த லாட் இருக்காது, முதுகில் ஒரு பட்டை தனியாகத் தெரியும்.

பிள்ளைகளுக்குத் தலை பெரிது. ஏழு வயதுத் தலை 51, 52 செ.மீ. சுற்றளவு இருக்கும், கழுத்துப் பட்டி அந்த அளவுக்கு விரிந்துகொடுக்க வேண்டும். கழுத்துப் பட்டியை முடிக்கிற வரிசையை மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசியில் போடுங்கள். இதைச் செய்யாமல் நான் ஒரு தடவை கொடுத்த ஸ்வெட்டர் அந்தப் பையன் காதில் மாட்டிக்கொண்டு, அவன் அழ, அவன் அம்மா இழுக்க, நான் கத்தரிக்கோலைத் தேடி ஓட, சே.

கைக்குழந்தைக்கு என்றால் இன்னும் இரண்டு மூன்று இருக்கிறது. கழுத்தில் இழுத்துக் கட்டுகிற கயிறு வைக்காதீர்கள். கையுறை, காலுறைக்கு உள்பக்கம் தளர்ந்த நூல் தொங்கக் கூடாது, பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். பொத்தானை அதே கம்பளி நூலில் தைக்காமல் தையல் நூலில் இறுக்கித் தையுங்கள். பெட்டியில் வைக்கும்போது நாப்தலின் உருண்டை போடாதீர்கள், சில குழந்தைகளுக்கு அதன் வாசனை ஏறிய துணியே ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். பாட்டி போட்ட மாதிரி காய்ந்த வேப்பிலை போதும். எந்த வீட்டுக்குப் போனாலும் நம்முடைய நூல் பெரும்பாலும் அக்ரிலிக், நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும், அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் குளிர் காய்கிற பிள்ளைக்கு ஜாக்கிரதை என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே கொடுங்கள்.

நடைவண்டியை வாங்கும்போது

நாம் கொடுப்பதில் இத்தனை கவனம் என்றால் வாங்குவதிலும் இருக்க வேண்டும். மாற்றிக்கொண்ட பொருள்தானே, எப்படிக் குறை சொல்வது என்ற கூச்சம் வரும், எனக்கும் வந்தது. பிள்ளை ஏறி விளையாடப்போகிற சாமானில் கூச்சம் பார்க்கக் கூடாது. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கிற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. தெரிந்தவர் பட்டறையில் நமக்காகச் செய்யும் ஒற்றை வண்டியை எந்த ஆய்வுக்கூடமும் சோதித்திருக்காது, சோதிக்க வேண்டியது நாம்தான்.

விளிம்பு முழுக்க உங்கள் பழைய நைலான் துப்பட்டாவை ஓட்டிப் பாருங்கள், சிராய் இருந்தால் துணி மாட்டும், அங்கே இன்னொரு தடவை உப்புத்தாள் போடச் சொல்லுங்கள். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் டப்பாவில் ஈயம் கலக்காதது என்று இருக்கிறதா பாருங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, தாண்டக் கூடாது என்று 2016 விதி சொல்கிறது, ஆனால் பட்டறை மூலையில் கிடக்கும் பழைய மஞ்சள் டப்பாவுக்கு அது தெரியாது. ஒரு வயதுப் பிள்ளை வண்டியைத் தள்ளுவதைவிடக் கடிப்பதுதான் அதிகம். நான் பெயின்ட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், தேன்மெழுகு தேய்த்துத் துணியால் மெருகேற்றினார், தேக்கு நிறம் அப்படியே நின்றது. ஒலி எழுப்பட்டுமே என்று முன்னால் கிலுகிலுப்பையும் மணியும் மாட்டுவார்கள், 3.2 செ.மீ. குழாய்க்குள் அடங்குகிற அளவில் எது கழன்று வந்தாலும் அது தொண்டைக்குள் போகும், ஆகவே மணி வேண்டும் என்றால் பெரிதாக, போல்ட் போட்டு.

கைப்பிடி உயரம் 42 செ.மீ. வைத்தோம், பிள்ளையின் இடுப்புக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே. தம்பியை வீடியோ காலில் பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்து அளக்கச் சொன்னேன். பிள்ளை எழுந்திருக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கும், அப்போது வண்டி பின்பக்கம் சாயாமல் இருக்க முன்சக்கரத்துக்கு மேலே கனமான கட்டை ஒன்று. எங்கள் காலத்தில் சிமென்ட் தரை, வண்டி மெதுவாகப் போகும். இப்போது எல்லா வீட்டிலும் டைல்ஸ், மரச்சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும், பிள்ளை பின்னாலேயே குப்புற விழும். அண்ணன் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டினார், வேகம் குறைந்தது, சத்தமும் குறைந்தது. மாடிப்படி இருக்கிற வீடு என்றால் படிக்கு ஒரு தடுப்பு போட்ட பிறகுதான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.

எனக்குத் தோன்றாமல் அவருக்குத் தோன்றிய ஒன்று, சக்கரத்தையும் கைப்பிடியையும் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தது. "பஸ்ல எப்படிக் கொண்டு போவீங்க?" என்று கேட்டார், நான் முழித்தேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் முழு நடைவண்டியை மடியில் வைத்துக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். சாக்கில் போட்டுக் கட்டி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு மதுரை வரைக்கும் தூங்கிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் கைவேலை என்றால் இப்படி ஒரு வசதி, கடைச் சாமானில் இதைக் கேட்க முடியுமா?

கொடுக்கும் நாளில் ஸ்வெட்டரோடு மிஞ்சிய நூலில் பத்து கிராமைச் சின்ன உருண்டையாகச் சுற்றிக் கொடுத்துவிட்டேன், கழுத்தோ விளிம்போ பிரிந்தால் ஒட்டுப்போட அதே லாட் நூல் வேண்டுமே. துவைக்கும் முறையையும் சொல்லிவிடுங்கள்: வெந்நீர் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம், கொடியில் தொங்கவிடாமல் துண்டின் மேல் விரித்துக் காயவையுங்கள். தொங்கவிட்டு முழங்கால் வரைக்கும் நீண்டு போனதற்கு என்னைக் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

விருந்து வீட்டில் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். நான் மறைக்கவில்லை, "ஒரு ஸ்வெட்டரும் ஒரு குல்லாவும்" என்றேன். தம்பி மாமியார் ஒரு நிமிடம் புரியாமல் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு ஒரு குல்லா போட்டுக் குடுங்க சம்பந்தி, காசி போறோம், நான் முறுக்குச் சுட்டுத் தரேன்" என்றார். எத்தனை முறுக்கு என்று இன்னும் பேசி முடியவில்லை. மருமகள் வண்டியைத் தள்ளவில்லை. கவிழ்த்துப் போட்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், பத்து நாள் கழித்துத்தான் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்று வீடியோ வந்தது. பட்டறைக்கு எடுத்துப்போய் அண்ணனிடம் காட்டினேன். கைப்பிடியைப் பார்த்துவிட்டு, "ஒரு இஞ்சு ஒசரம் கூட வெச்சிருக்கலாங்க, வளர்ற புள்ள" என்றார்.